கிணறு இருக்கு... ரசீது எங்கே?



'கண்ணும் கண்ணும்' படத்துல வடிவேலு போலீஸ்கிட்ட போய், தன்னோட கிணத்தைக் காணோம்னு கம்ப்ளைன்ட் கொடுப்பாரே, ஞாபகம் இருக்கா? 2008-ல் வந்த படம். காமெடி இன்னிக்கும் மீம்ல ஓடிக்கிட்டே இருக்கு. கிணறு வெட்டின ரசீது பக்காவா இருக்கும். ஸ்பாட்டுக்குப் போய்ப் பார்த்தா கிணறு மட்டும் இருக்காது!

நம்ம கதை அதுக்கு அப்படியே உல்டா. எங்ககிட்ட கிணறு இருந்தது. கிணத்துல மோட்டார் இருந்தது. மோட்டார்ல நாங்க மாட்டின கருவியும் ஜம்முனு ஓடிக்கிட்டு இருந்தது. ரசீதைத்தான் காணோம்!

'அடப் போப்பா, ரசீதுதானே'னு சிரிக்காதீங்க. அந்த ரசீது இல்லாததால நாலு பேர் பாக்கெட்ல இருந்து காசு போச்சு. அதைவிடப் பெருசா, இந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஜூனியர் பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு. அதனாலதான் இந்த வாரம், கேட்டாலே கொட்டாவி வர்ற ஒரு மேட்டரை எடுத்திருக்கேன். அரசு மானியம், அதோட ரூல்ஸ். கொட்டாவியை அடக்கிக்கிட்டு கடைசி வரைக்கும் வாங்க, ப்ளீஸ்.

பத்தாயிரம் ரூபாய் பணக்காரங்க!

என் ஊர் கடையநல்லூர். 2019-ல் தென்காசி தனி மாவட்டமா பிரியுற வரைக்கும் நாங்க திருநெல்வேலிக்காரங்க. மேற்கே பார்த்தா மலை. சுத்தி வயல். தெருவுக்குள்ள நுழைஞ்சா தறிச் சத்தம், திண்ணையில பீடி சுத்துற அம்மாக்கள். எங்க அம்மாவும் அதுல ஒருத்தர்.

படிக்கிறது இன்ஜினீயரிங், தேர்ட் இயர். போன வருஷம் ஃபைனல் இயர் அண்ணன்கள் ரெண்டு பேர், நான், என் க்ளாஸ்மேட்னு நாலு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் பண்ணினோம். கிணத்துல தண்ணி வத்தினா மோட்டார் தானா ஆஃப் ஆகணும். அவ்வளவுதான் ஐடியா. தண்ணி இல்லாம மோட்டார் சும்மா ஓடினா காயில் கருகிடும். எங்க மாமா தோட்டத்துல ஒரே கோடையில ரெண்டு தடவை காயில் கட்டினாங்க. அதைப் பார்த்து வந்த ஐடியா இது.

மாணவர் ப்ராஜெக்ட்டுக்குக் கொடுக்கிற அரசு மானியத்துக்கு அப்ளை பண்ணினோம். செலக்ட் ஆச்சு. பத்தாயிரம் ரூபாய்! காலேஜ் அக்கவுன்ட்டுக்கு வந்து, அங்கிருந்து சீனியர் அண்ணனோட சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு வந்துச்சு. கூடவே சாங்ஷன் லெட்டர், மூணு பக்கம். முதல் பக்கத்துல தொகையைப் பார்த்தோம். செல்ஃபி எடுத்தோம். மத்த ரெண்டு பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அந்த ரெண்டு பக்கத்துலதான் எல்லாமே இருந்தது. உதிரி பாகங்களுக்கு 8,000, பயணத்துக்கு 500, ரிப்போர்ட் பிரின்ட் பண்ண 1,500. ஒரு தலைப்புல வந்த பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாத்தணும்னா முன்னாடியே எழுதிக் கேட்கணும். எல்லாச் செலவுக்கும் ஒரிஜினல் பில் வேணும். மிச்சம் இருந்தா திருப்பிக் கட்டணும்.

நாங்க எப்படிச் செலவு பண்ணினோம் தெரியுமா? சென்சார், ரிலே, போர்டு எல்லாம் 4,350 ரூபாய், பில்லோட. ரிப்போர்ட் பிரின்ட், பைண்டிங் 1,160, அதுக்கும் பில் இருந்தது. பைப், ஒயர், இரும்புப் பெட்டியெல்லாம் பழைய சாமான் கடையில 2,600. பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தாங்க. பஸ், ஆட்டோ 1,250. அப்புறம்... கருவி முதல் தடவை வேலை செஞ்ச அன்னிக்கு செங்கோட்டைப் பக்கம் போய் பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டோம். 640 ரூபாய். அதை நோட்டுல 'களப்பயணச் செலவு'னு எழுதினது சாட்சாத் அடியேன்தான்!

கூட்டிப் பாருங்க. சரியா பத்தாயிரம். எங்க கணக்கு டேலி. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு காலேஜ் அக்கவுன்ட்ஸ் செக்ஷனுக்குப் போனோம்.

'தம்பி, இதெல்லாம் செல்லாது!'

அங்கே இருந்த சார் அஞ்சே நிமிஷத்துல பச்சை மையில் டிக் போட ஆரம்பிச்சார். 4,350 டிக். 1,160 டிக். பயணத்துல 500 வரைக்கும் டிக். மொத்தம் 6,010. மீதி 3,990 ரூபாய்க்குப் பெரிய சுழி!

"சார், பொருள் கிணத்துல இருக்கு சார். வந்து பாருங்க."

"தம்பி, நான் வந்து பார்த்து என்ன ஆகப்போகுது? நாளைக்கு ஆடிட்டர் வருவார். அவர் உங்க மாமா கிணத்துக்கா வருவார்? இந்த ஃபைலைத்தானே பார்ப்பார்!"

கூடவே இன்னொரு குண்டு. பணம் பேங்க்ல இருந்த நாலு மாசத்துல வட்டி 62 ரூபாய் ஏறியிருந்தது. "அந்த வட்டி எங்கே?"ன்னு கேட்டார். அண்ணன் அதுல போன் ரீசார்ஜ் பண்ணியிருந்தார்!

வெளியே வந்து டீக்கடையில உட்கார்ந்தோம். ஒரு அண்ணன் சொன்னார்: "டேய், தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு. எழுதாத பில்லை அப்படியே கிழிச்சுத் தருவாங்க. தேதி, தொகை எல்லாம் நாமளே நிரப்பிக்கலாம். எல்லாரும் பண்றதுதானேடா. நாம என்ன திருடினோமா?"

அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாத்தான் பட்டது. 2,600 ரூபாய்க்கு நிஜமா பொருள் வாங்கியிருக்கோம். அதைக் காட்ட ஒரு பொய் பில். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா சுளவுல இருந்து கண்ணையே எடுக்கலை. "ஏல, அந்த பாஸ் புத்தகத்தை எடு"ன்னாங்க.

பீடி பாஸ் புத்தகம் பார்த்திருக்கீங்களா? கடையில இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பாங்க. இவ்வளவு இலைக்கு, இவ்வளவு தூளுக்கு இத்தனை பீடி வந்தாகணும். 25 பீடி ஒரு கட்டு. கொண்டுபோய்க் கொடுத்ததும் எண்ணிப் பார்த்து, சரியில்லாததைக் கழிச்சு, புத்தகத்துல ஏத்துவாங்க. எத்தனையோ வருஷமா அம்மா வாழ்க்கை அந்தப் புத்தகத்துலதான் இருக்கு.

"இந்த இலை என்னுதா? கடைக்காரன் இலை. சுத்துறதுக்கு எங்கிட்ட குடுத்திருக்கான். இலை வீட்டுல கிடக்கேன்னு நான் எடுத்து அடுப்பெரிக்க முடியுமா? எண்ணிக் குடுத்தான், எண்ணித்தான் திருப்பிக் குடுக்கணும். நீங்க என்னலே, அவன் குடுத்ததுல புரோட்டா தின்னுட்டு வந்து நிக்கீங்க!"

மூணு வருஷ இன்ஜினீயரிங் சொல்லித் தராததை ஒரு சுளவு சொல்லித் தந்துச்சு. மானியம்னா நமக்குக் கிடைச்ச பரிசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். அது பரிசு இல்லை ஃப்ரெண்ட்ஸ். இலையும் தூளும்!

ரூல் புக்கைப் புரட்டினா...

அதுக்கப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து ரூல்ஸைப் படிச்சேன். மத்திய அரசுப் பணத்துக்கு 'பொது நிதி விதிகள்'னு ஒரு புத்தகம் இருக்கு. 1947-ல் முதல்ல வந்து, 1963, 2005, 2017-னு புதுப்பிச்சுக்கிட்டே வந்திருக்காங்க. நம்ம மாநில அரசுப் பணத்துக்கு 'தமிழ்நாடு நிதித் தொகுப்பு' தனியா இருக்கு. மொழி கொஞ்சம் கரடுமுரடு. ஆனா உள்ளே இருக்கிற சரக்கு எங்க அம்மா சொன்னதுதான்!

2017 விதிகள்ல 21-வது விதியைப் பாருங்க. சாதாரண விவேகம் உள்ள ஒரு மனுஷன் தன் சொந்தக் காசைச் செலவழிக்கும்போது எவ்வளவு ஜாக்கிரதையா இருப்பானோ, அதே ஜாக்கிரதை பொதுப் பணத்துலயும் இருக்கணும். இதுதான் சாராம்சம். சொந்தக் காசுல ஷூ வாங்கினா பில்லை எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்? சைஸ் மாத்தணுமே!

அடுத்தது வட்டி. மானியப் பணம் பேங்க்ல தூங்கி வட்டி போட்டா, அந்தக் குட்டியும் அரசுக்குத்தான் சொந்தம். 230-வது விதியிலேயே இது இருக்கு. எங்க 62 ரூபாய் ரீசார்ஜ் விதிமீறல்னு அப்பதான் புரிஞ்சது.

மூணாவது, யு.சி. அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ். வாங்கின பணத்தை எந்தக் காரியத்துக்காக வாங்கினோமோ அதுக்கே செலவு பண்ணினோம்னு கையெழுத்துப் போட்டுத் தர்ற பேப்பர். கல்லூரி மாதிரியான நிறுவனங்களுக்கு அதோட படிவத்துக்கு 12-ஏ-ன்னு பேர். பழைய ஆட்கள் 19-ஏ-ன்னு சொல்வாங்க, 2005 விதிகள்ல அதான் நம்பர். நிதியாண்டு முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள இது போய்ச் சேரணும். இதுல பணக் கணக்கு மட்டும் போதாது, என்ன வேலை முடிஞ்சதுங்கிறதும் வேணும். அதாவது ரசீதும் வேணும், கிணறும் வேணும்!

நாலாவது, ஒரே பொருளைத் துண்டு துண்டா வாங்கக் கூடாது. பெரிய தொகைக்கு வாங்கினா கொட்டேஷன், கமிட்டினு வருமே, அதுல இருந்து தப்பிக்கப் பத்துப் பொருளைப் பத்து நாள்ல பத்து பில்லா போடுறாங்க பாருங்க, அதை விதி தெளிவாவே தடுக்குது.

அஞ்சாவது ரொம்ப சுவாரஸ்யம். மார்ச் மாசக் கடைசியில, 'பணம் திரும்பப் போயிடுமே'ன்னு அவசர அவசரமா செலவு பண்ணினா, அதுவே நிதி ஒழுங்கை மீறுறதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி படிக்கிற நம்ம எல்லாருக்கும் இந்த விதி பொருந்தும்!

அம்பதாயிரம் பேப்பர் எங்கே?

'பில் இல்லைன்னா திருட்டா? இது என்ன நியாயம்?'னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். அதுக்குப் பதில் பீகார்ல கிடைச்சது.

2025 ஜூலையில மத்திய தணிக்கைத் துறையான சி.ஏ.ஜி.யோட அறிக்கை ஒண்ணு பீகார் சட்டசபையில வைக்கப்பட்டது. 2024 மார்ச் 31 கணக்குப்படி அங்கே வராம நிலுவையில இருந்த பயன்பாட்டுச் சான்றிதழ்கள் 49,649. அதுக்கு உண்டான தொகை 70,877 கோடி ரூபாய்!

தலை சுத்துதா? ஒரு நிமிஷம் நிதானமா பாருங்க. 70,877 கோடி திருடு போச்சுன்னு சி.ஏ.ஜி. சொல்லலை. அதுல பெரும்பகுதி ரோடா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா நிஜமாவே ஆகியிருக்கலாம். ஆனா 'திருடு போகலை'ன்னு சொல்றதுக்கும் யார்கிட்டயும் பேப்பர் இல்லை. நேர்மையா செலவு பண்ணினவனும் அமுக்கினவனும் ஒரே குவியல்ல கிடக்குறாங்க. பிரிச்சுக் காட்ட வழி இல்லை. அந்தக் குவியல்தான் அமுக்குறவனுக்கு ஒளிஞ்சுக்க நல்ல இடம்.

டீக்கடை அண்ணன் கேட்டாரே, 'யாருக்கு என்ன நஷ்டம்'னு? இதான் நஷ்டம். நிஜமா வாங்கின பொருளுக்கு நாம போடுற 'அட்ஜஸ்ட்மென்ட்' பில்லும், வாங்காத பொருளுக்கு ஒரு ஃப்ராடு போடுற பில்லும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நல்லவன் போடுற பொய் பில், கெட்டவனோட பொய் பில்லுக்குப் போர்வை ஆயிடுது.

பேப்பரோட பவர் என்னன்னு காட்டினவங்க ராஜஸ்தான் கிராமத்து ஜனங்க. 1994 டிசம்பர்ல, பாலி மாவட்டத்துல கோட் கிரானாங்கிற ஊர்ல, மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு ஒரு மக்கள் விசாரணை நடத்துச்சு. அரசு வேலைகளுக்கான கணக்கை ஊர் நடுவுல உட்கார்ந்து சத்தமா வாசிச்சாங்க. 'இந்த வேலையில நீ கூலி வாங்கினதா இருக்கே, வாங்கினியா?' 'இந்தக் கட்டடம் முடிஞ்சதா எழுதியிருக்கே, முடிஞ்சதா?' பேப்பரையும் ஊரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. அவ்வளவுதான். அங்கே ஆரம்பிச்ச போராட்டம் 2005-ல் நாடு முழுக்க தகவல் உரிமைச் சட்டம் வர ஒரு முக்கியமான காரணம் ஆச்சு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன், இல்லேன்னா ரூல்ஸுக்கு ஜால்ரா அடிக்கிறேன்னு சொல்வீங்க. ரூல்ஸ் ரொம்ப இறுக்கினா வேலை நின்னுடும்ங்கிறதும் நிஜம். ஒரு லேப் கெமிக்கலுக்கு மாசக்கணக்குல காத்திருக்கோம்னு விஞ்ஞானிகள் வருஷக்கணக்கா புலம்பினாங்க. அதனால 2025 ஜூன்ல, ஆராய்ச்சி நிறுவனங்கள் கொட்டேஷன் இல்லாம நேரடியா வாங்குற வரம்பை ஒரு லட்சத்துல இருந்து ரெண்டு லட்சமா மத்திய அரசு உயர்த்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ரூல் கஷ்டமா இருக்குன்னு சொல்லி, ரூலை மாத்தினாங்க. பில்லை மாத்தலை!

கடையநல்லூர்ல என்ன கதை?

'இதெல்லாம் டெல்லி, பாட்னா சமாச்சாரம்'னு நினைக்காதீங்க. உங்க வீட்டு வாசல் வரைக்கும் இந்த ரூல் வந்திருக்கு.

2022 ஏப்ரல்ல தமிழ்நாடு முழுக்க நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகள்ல வீட்டு வரி உயர்ந்துச்சே, ஞாபகம் இருக்கா? எங்க ஊர் மாதிரி நகராட்சிகள்ல 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல 100 சதவீதம்னு படிப்படியா. கடையநல்லூர் நகராட்சியிலயும் தெருவுக்குத் தெரு அதே பேச்சுதான். அப்போ அரசு சொன்ன காரணங்கள்ல முக்கியமானது, 15-வது நிதி ஆணையத்தோட நிபந்தனை. 2021-22 முதல் 2025-26 வரைக்கும் நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேணும்னா, சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச அளவு நிர்ணயிச்சாகணும். இன்னொரு நிபந்தனை, கணக்கை மக்கள் பார்க்கிற மாதிரி ஆன்லைன்ல போட்டாகணும்.

கடையநல்லூர் மாதிரி ஊர்களுக்கு வந்த அந்த மானியத்துல 40 சதவீதம்தான் ஊர் தன் தேவைக்குச் செலவு பண்ணிக்க முடிஞ்சது. மீதி 60 சதவீதம் கட்டிப்போட்ட பணம். பாதி குடிதண்ணி, மழைநீர் சேகரிப்பு பக்கம். பாதி சுகாதாரம், குப்பை பக்கம். அதாவது எங்க 8,000 – 500 – 1,500 கதைதான், ஊர் அளவுல! குடிதண்ணிக்கு வந்த காசுல ஊர்வாசல்ல ஆர்ச் கட்ட முடியாது.

வரி ஏறினது சரியா தப்பாங்கிறது வேற விவாதம். நான் சொல்ல வர்றது இதான்: எங்கேயோ ஒரு மானிய நிபந்தனை மாறினா, நம்ம வீட்டு வரி ரசீதுல நம்பர் மாறுது. நிபந்தனையைப் படிக்காதவன் ரசீதைப் பார்த்து மட்டும் கோபப்படுறான்.

இன்னும் பக்கத்துல வர்றேன். அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு 'சமக்ர சிக்ஷா' திட்டத்துல வருஷாவருஷம் ஒரு மானியம் உண்டு. பிள்ளைங்க எண்ணிக்கையைப் பொறுத்து தொகை. 30 பேர் வரைக்கும் 10,000 ரூபாய். 100 பேர் வரைக்கும் 25,000. 250 வரைக்கும் 50,000. ஆயிரம் வரைக்கும் 75,000. அதுக்கு மேல ஒரு லட்சம். சாக்பீஸ், கரன்ட் பில், உடைஞ்ச சுவிட்ச், குடிதண்ணி எல்லாம் இதுலதான். குறைஞ்சது 10 சதவீதம் சுத்தத்துக்குப் போகணும்.

இதை யார் கண்காணிக்கணும் தெரியுமா? 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21. பள்ளி மேலாண்மைக் குழு! அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வர்ற மானியம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிக்கிறது அவங்க வேலைன்னு சட்டத்துலயே இருக்கு.

எங்க தெருப் பள்ளிக்கூடத்துல என் தம்பி படிக்கிறான். அம்மா அந்தக் குழுவுல மெம்பர். மீட்டிங்குக்குப் போனா, "டீச்சர், விளக்குமாறு எத்தனை வாங்கினீக? எங்கே இருக்கு?"ன்னு கேட்பாங்களாம். நான் முன்னாடி கிண்டல் பண்ணுவேன். இப்போ பண்றதில்லை. நாட்டுலயே பெரிய ஆடிட்டர் கேட்கிற கேள்வியும் அதுதானே!

நோட் பண்ணுங்க மக்கா!

ப்ராஜெக்ட் மானியம், என்.எஸ்.எஸ். கேம்ப் பணம், டிப்பார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு வர்ற அரசு உதவி... ஏதாவது ஒண்ணு உங்க கைக்கும் வரும். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு உதவி பண்ணுது. தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தோட இன்னொவேஷன் வவுச்சர்ல ரெண்டு லட்சம், அஞ்சு லட்சம்னு ரெண்டு படி இருக்கு. வாங்குங்க, தைரியமா வாங்குங்க! ஆனா வாங்கினதும் இதைச் செய்யுங்க:

1. சாங்ஷன் லெட்டரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. எந்தத் தலைப்புல எவ்வளவுன்னு ஒரு அட்டையில எழுதி ரூம்ல ஒட்டுங்க.

2. அந்தப் பணத்துக்குத் தனி அக்கவுன்ட். முடியலைன்னா தனி நோட்டாவது. சொந்தக் காசோட கலந்தா, அப்புறம் பாலையும் தண்ணியையும் பிரிக்கிற கதைதான்.

3. பில்லுல கடை பேர், தேதி, பொருள், தொகை, ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கான்னு கடையிலயே பாருங்க. வீட்டுக்கு வந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை. யு.பி.ஐ. ஸ்க்ரீன்ஷாட் பணம் போனதுக்குத்தான் சாட்சி. என்ன வாங்கினீங்கங்கிறதுக்கு சாட்சி இல்லை.

4. தெர்மல் பேப்பர் பில்லு ஆறே மாசத்துல வெள்ளைப் பேப்பர் ஆயிடும். வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் எடுங்க.

5. வாங்கின பொருளை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்துங்க. பில்லுல பக்க நம்பரை எழுதுங்க. ரசீதுக்கும் கிணத்துக்கும் நடுவுல பாலம் இந்த ரெஜிஸ்டர்தான்.

6. தலைப்பு மாத்திச் செலவு பண்ண வேண்டி வந்தா, செலவுக்கு முன்னாடி எழுதிக் கேளுங்க. முன்னாடி கேட்டா அது அனுமதி. பின்னாடி சொன்னா அது விளக்கக் கடிதம்.

7. மிச்சம் வந்தா சந்தோஷமா திருப்பிக் கட்டுங்க, வட்டியோட. திருப்பிக் கட்டுறது அவமானமே இல்லை.

8. உங்க ஊர் மானியக் கணக்கு வேணுமா? தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு எழுதுங்க. 'இந்த மானியத்தோட பயன்பாட்டுச் சான்றிதழ் நகல் வேண்டும்'னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

அந்த ஜூனியர் பொண்ணு...

சரி, எங்க கதைக்கு வருவோம். எழுதாத பில் வாங்கப் போகலை. எங்க கைடு மேடம்கிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னோம். 'நீங்க பொய் பில் கொண்டு வந்திருந்தா அதுக்குக் கீழே என் கையெழுத்துல்ல இருந்திருக்கும்'னாங்க. அப்பதான் உறைச்சது. யு.சி.யில கையெழுத்துப் போடுறது நாங்க இல்லை. மாட்டியிருந்தா வேலை போயிருக்கிறது அவங்களுக்கு.

3,990 ரூபாய். கூட 62 ரூபாய் வட்டி. மொத்தம் 4,052. தலைக்கு 1,013 ரூபாய் போட்டுத் திருப்பிக் கட்டினோம். என் பங்குக்கு அம்மா கொடுத்த காசு எத்தனை கட்டு பீடின்னு கேட்கலை. கேட்கத் தைரியம் இல்லை.

இதெல்லாம் முடியுறதுக்குள்ள மூணு மாசம் ஓடிப்போச்சு. அந்த மூணு மாசமும் எங்க டிப்பார்ட்மென்ட்ல இருந்து புது அப்ளிகேஷன் எதுவும் போகலை. பழைய ஃபைலை மூடாம புது ஃபைல் அனுப்பக் கூடாதுன்னு ஹெச்.ஓ.டி. சொல்லிட்டார். நியாயம்தானே? வரிசையில நின்னது ஒரு ஜூனியர் தங்கச்சியோட டீம். அவ அப்பா கைத்தறி நெசவாளி. கண் பார்வை மங்கிட்டு வருது. பாவுல நூல் அறுந்தா உடனே சத்தம் கொடுக்கிற ஒரு சின்னக் கருவி செய்யணும்னு அவளுக்கு ஆசை. அந்த வருஷக் கடைசித் தேதி எங்க ஃபைலுக்கு அடியிலயே கிடந்து போயிடுச்சு.

போய் ஸாரி சொன்னேன். "பரவாயில்லண்ணே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னா. அவளுக்கு அடுத்த வருஷம் இருக்கு. அவ அப்பா கண்ணுக்கு இருக்குமான்னு நான் கேட்கலை.

இந்த வருஷம் அவ அப்ளிகேஷன்தான் முதல்ல போச்சு. பணமும் வந்துடுச்சு. போன வாரம் பில் ஃபைலைக் கொண்டு வந்து காட்டினா. நூல்கண்டு முதல் பேட்டரி வரைக்கும் ஒட்டி, நம்பர் போட்டு, ஜெராக்ஸோட. நடுவுல ஒரு பக்கம் காலியா இருந்தது. "இது என்ன?"ன்னு கேட்டேன்.

"12 ரூபாய்க்கு ஸ்க்ரூ வாங்கணும்ணே. முதல் கடையில பில் தரலை. அதான் வாங்காம வந்துட்டேன். நாளைக்கு வேற கடைக்குப் போறேன்."

எங்க கருவி மாமா கிணத்துல இன்னும் ஓடுது. இந்தக் கோடையில காயில் கருகலை. ஆனா அரசாங்கத்துக் கணக்குல அந்தக் கருவியோட பைப், ஒயர், பெட்டி எதுவும் கிடையாது. அது நாலு பேர் சொந்தச் செலவு.

உங்க கையிலயும் ஏதாவது மானியம் இருக்கா? இருந்தா இன்னிக்கு ராத்திரி அந்த லெட்டரோட மூணாவது பக்கத்தைத் திருப்பிப் பாருங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்... பை!